சிறைப்புறத்தே நிற்பவன்: டேவின் ‘சைக்கோட்றாமா’ பற்றிய சில குறிப்புகள்

தன்னுணர்ச்சி சார்ந்த படைப்புகளை மதிப்பிடும்போது நம்மிடையே மிக எளிதாக வழங்கப்படும் பாராட்டு ‘நேர்மை’ என்பதாகும். கவிஞன் தன் மனத்தைத் திறந்து காட்டியுள்ளான், ஒளிக்காமற் கூறியுள்ளான் என்று எழுதிவிட்டால் விமர்சனக் கடமை முடிந்ததாகக் கருதும் போக்கு ஒன்று நம்மிடம் உண்டு. மனந்திறத்தல் கலையின் மூலப்பொருளே, அதுவே கலையாகிவிடுவதில்லை. நாட்குறிப்பிலும் மனந்திறக்கலாம், மதுபோதையிலும் மனந்திறக்கலாம். எவர் முன்னிலையில் அது திறக்கப்படுகின்றது, எந்த ஒழுங்கில் திறக்கப்படுகின்றது, எது திறக்கப்படாமலே விடப்படுகின்றது என்பனவே விமர்சகன் கேட்கவேண்டிய கேள்விகள். இக்கேள்விகளை ஒரு றாப் இசைத்தொகுப்பினை முன்வைத்து எழுப்புவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், அண்மைக் காலத்தில் ‘நேர்மையானது’ என்று மிகுதியாகப் போற்றப்பட்ட ஆக்கங்களுள், அப்பாராட்டின் பொருளை நுணுகி ஆராயுமாறு நம்மைத் தூண்டுவன சிலவே. 2019 ஆம் ஆண்டு மார்ச் 8 ஆம் நாள் வெளியான ‘சைக்கோட்றாமா’ அவற்றுள் ஒன்று.

இதனை ஆக்கியவர் டேவ் எனும் பெயரால் அறியப்படும் டேவிட் ஒமொறேகி. 1998 இல் தென் இலண்டனைச் சேர்ந்த பிறிக்ஸ்ரனிற் பிறந்து, அதனை அடுத்துள்ள ஸ்ரெத்தம் பகுதியில் வளர்ந்தவர். நைஜீரியப் பெற்றோரின் மகன். தாயார் மருத்துவத் தாதி. இதற்கு முன்னர் இரண்டு குறுந்தொகுப்புகளை வெளியிட்டிருந்தாரெனினும் முழுமையான முதலாவது இசைத்தொகுப்பு இதுவே. வெளியானபோது அவருக்கு வயது 20. அதே ஆண்டு செப்டெம்பரில் மேர்க்குரிப் பரிசும், 2020 பெப்ரவரியில் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான பிறிட் விருதும் இதற்குக் கிடைத்தன. விருதுகள் கலைத்தரத்துக்குச் சான்றாகா. ஆயினும் இவ்வாக்கம் ஒரு சிறு வட்டத்தினரின் இரசனைக்கு மாத்திரம் உரியதாக இருக்கவில்லை என்பதை அவை உணர்த்துகின்றன.

றாப் பாடலில் ‘நான்’ என்னும் சொல்லுக்குள்ள நிலையை முதலில் நோக்குதல் அவசியம். தமிழ் பயின்றோருக்கு இது புதியதொரு பிரச்சினையன்று. நமது அகப்பாடல்களிற் பேசுவோர் தலைவியாகவோ தோழியாகவோ செவிலியாகவோ இருப்பர். தலைவி கூற்றினைப் புலவரின் வாழ்க்கை வரலாறாக எவரும் கொள்வதில்லை. அகத்திணை மாந்தரின் பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியர் வகுத்த விதியும், உணர்ச்சியைத் தனியொருவரின் உடைமையாக்காது பொதுமைப்படுத்தும் நோக்குடையதே. றாப் இதற்கு நேர்மாறான மரபிலிருந்து வருவது. பெயரைச் சொல்வதும், தெருவைச் சொல்வதும், தான் நின்ற மூலையைச் சொல்வதும் அதன் இலக்கணம். பெயர் சொல்லத் தயங்குபவன் அங்கு போலியெனக் கருதப்படுவான். 2003 இல் தமது முதலாவது தொகுப்புக்காக மேர்க்குரிப் பரிசு பெற்ற டிஸி றாஸ்கல் முதல் இந்நிலை இலண்டனில் வேரூன்றியுள்ளது. (அவருடைய இசைவகைக்கு வழங்கும் ‘கிறைம்’ என்ற பெயர் தமிழ் எழுத்திற் குற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகவே தோன்றும், உண்மையில் அது அழுக்கு எனப் பொருள்படும் பிறிதொரு சொல். தமிழ் எழுத்து இழைக்கும் இவ்விபத்தினை இலண்டன் காவற்றுறையினர் அறிந்தால் மகிழ்வர் போலும்.)

இது வெறும் நகைச்சுவையன்று. இந்தத் தொகுப்பு வெளியான காலப்பகுதியில் இங்கிலாந்தில் இளங்கறுப்பினத்தவரின் பாடல்வரிகள் நீதிமன்றங்களிற் சான்றாக முன்வைக்கப்பட்டு வந்தன. ‘டிறில்’ எனும் இசைவகையைச் சேர்ந்த இரு இளைஞர்கள், தடையுத்தரவை மீறித் தமது பாடலொன்றை மேடையிற் பாடியமைக்காக 2019 ஜனவரியில் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றனர். பாடலில் வரும் ‘நான்’ பாடியவனே எனவும், பாடலிற் சொன்னது செய்ததற்குச் சமம் எனவும் சட்டம் வாசிக்கத் தலைப்படுமாயின், ‘நேர்மை’ என்பது ஒரு அழகியற் பண்பு என்ற நிலையிலிருந்து விலகி, ஆபத்தானதொரு வாக்குமூலமாகின்றது. இத்தகைய சூழலில் ஒரு இளங்கலைஞன் தன்னைப் பற்றி உண்மை பேசவேண்டுமாயின், அதற்கென ஓர் இடத்தை முதலில் அவன் அமைத்துக்கொள்ள வேண்டும்.

டேவ் அமைத்துக்கொண்ட இடம் ஓர் உளச்சிகிச்சையாளரின் அறை. முதலாவது பாடலாகிய ‘சைக்கோ’, அச்சிகிச்சையாளரின் குரலுடன் தொடங்குகின்றது. நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றை அமைதியான குரலிற் பதிவுசெய்து, எதிரே இருப்பவரின் பெயரைக் குறிப்பிட்டு, இது முதலாவது அமர்வு என்று கூறி, எங்கிருந்து தொடங்கலாம் என அவர் கேட்கிறார். இத்தொடக்கத்தை முதன்முறை கேட்டபோது எனக்கு மருத்துவமனை நினைவுக்கு வரவில்லை. காவல் நிலையமே நினைவுக்கு வந்தது. நாளையும் நேரத்தையும் உடனிருப்போரின் பெயர்களையும் ஒலிப்பதிவுக் கருவிக்கு முன் உரக்கக் கூறித் தொடங்குவது இங்கிலாந்தின் காவற்றுறை விசாரணைக்கும் உரிய நடைமுறை. தென் இலண்டனில் வளரும் கறுப்பின இளைஞன் ஒருவனுக்கு எந்த அறை கூடுதலாகப் பழகியதாயிருக்கும் என்பதைக் கேட்போரின் ஊகத்துக்கே டேவ் விட்டுவிடுகிறார். இரு அறைகளிலும் கேள்வி ஒன்றே: என்ன நடந்தது, சொல். கேட்பவரின் நோக்கமே வேறு. இத்தொகுப்பின் நேர்மைக்கு முதற் காரணம் டேவ் துணிந்து பேசியமை அன்று. குற்றஞ்சாட்டாத ஒரு செவியைக் கற்பனை செய்துகொண்ட பின்னரே பேசத் தொடங்கியமையாகும்.

தொகுப்பின் பெயருக்கு இரண்டாவது பொருளும் உண்டு. ‘சைக்கோட்றாமா’, அதாவது உளநாடகம், ஒரு குறிப்பிட்ட சிகிச்சை முறையின் பெயர். 1889 இற் புக்கரெஸ்ற் நகரிற் பிறந்து, வியன்னாவில் மருத்துவம் பயின்று, 1925 இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யாக்கோப் மொறேனோ என்பவர் இதனை உருவாக்கினார். புறொயிட்டின் முறையில் நோயாளி சாய்ந்து படுத்துப் பேசுவார். மருத்துவர் கண்ணுக்குத் தெரியாமற் பின்னால் அமர்ந்திருப்பார். மொறேனோவோ நோயாளியை எழுப்பி மேடையில் நிறுத்தினார். அங்கு அவர் தன் கதையைச் சொல்லமாட்டார், நடித்துக் காட்டுவார். உடனிருப்போர் அவருடைய தந்தையாகவும் மனைவியாகவும் பகைவராகவும் வேடந்தாங்குவர். இம்முறையின் மையமான உத்தி பாத்திர மாற்றமாகும். தன்னைத் துன்புறுத்தியவனின் இடத்திற் போய் நின்று, அவனது வாயால் நோயாளி பேசவேண்டும். இங்கு உண்மை வெளிப்படுவது ‘நான்’ என்று சொல்வதால் அன்று. சிறிது நேரம் பிறிதொருவராக இருந்து பார்ப்பதால்.

டேவுக்கு இச்சொல் நூல்களிலிருந்து கிடைத்ததன்று. அவருடைய மூத்த சகோதரர் ஒருவர் கொலை வழக்கொன்றில் ஆயுட்காலச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவர். அவர் சிறையிற் பெற்ற சிகிச்சையே தொகுப்பின் பெயருக்கும் அமைப்புக்கும் ஊற்றாயிற்று என்பது டேவ் வெளிப்படையாகக் கூறியது. ஆகவே தொகுப்பிலுள்ள நாற்காலியில் டேவ் அமர்ந்திருப்பதாகத் தோன்றினாலும், அந்நாற்காலி முதலில் அண்ணனுக்குரியது. தம்பி அண்ணனின் இடத்திற் போய் அமர்ந்து பேசுகிறான். பாத்திர மாற்றம் முதலாவது பாடலுக்கு முன்னரே நிகழ்ந்துவிடுகின்றது.

‘சைக்கோ’ பாடலில் இதன் விளைவினைத் தெளிவாகக் காணலாம். ஒரே குரல் பெருமை பேசுகின்றது, மிரட்டுகின்றது, நகைக்கின்றது, திடீரெனத் தளர்ந்து தன் உயிரின் பெறுமதியையே ஐயுறுகின்றது. தாளமும் அதற்கேற்ப முறிந்து மாறுகின்றது. இப்பாடலை ஒழுங்கற்றதெனக் கூறுவோர் உளர். ஆயின் முதலாவது அமர்வில் எவரும் ஒழுங்காகப் பேசுவதில்லை. அடுத்து வரும் ‘ஸ்ரெத்தம்’ பாடலில் ஊர் வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது, வீட்டில் ஆண் துணையின்மை வருகிறது. பியானோ சிறியதொரு சுரக்கோவையைத் திரும்பத்திரும்ப மீட்டுகின்றது. டேவ் தாமே பியானோ வாசிப்பவர் என்பதும், அடெல் முதலிய பாடகர்களுடன் பணியாற்றிய பிறேசர் ரி. ஸ்மித் தயாரிப்பிற் பெரும்பங்கு கொண்டார் என்பதும் இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கன. பக்க இசை ஒடுங்கியிருப்பதால் சொற்கள் முன்னே நிற்கின்றன.

மூன்றாவது பாடலாகிய ‘பிளாக்’, தொகுப்பிற் கூடுதலாக விவாதிக்கப்பட்டது. கறுப்பு என்றால் என்ன என்பதற்கு ஒன்றன்பின் ஒன்றாக வரைவிலக்கணம் கூறிச் செல்லும் பாடல் இது. பி.பி.சி. வானொலியில் ஒலிபரப்பானபோது நேயர்கள் சிலர் முறையிட்டனர். அறிவிப்பாளர் அன்னி மாக் பாடலை வெளிப்படையாக ஆதரித்து நின்றார். முறையிட்டோர் இதனை ஓர் அரசியற் பிரசங்கமாகக் கேட்டனர் போலும். என் நோக்கில் இது ஓர் இளைஞன் தன் ஐயங்களைப் பட்டியலிடும் பாடல். பாட்டி வாழ்ந்த காலத்தில் இருந்திராத நாடுகளின் கொடியை இன்று பேரப்பிள்ளைகள் ஏந்தி நிற்கின்றனர் என அவர் சுட்டும் இடம் கூர்மையானது. நைஜீரியா என்ற ஒற்றை ஆட்சிப்பிரிவு 1914 இல் பிரித்தானியர் ஆக்கியது. சுதந்திர நாடானது 1960 இல். ‘என் மூலம் இது’ என்று பெருமையுடன் சொல்லப்படும் பெயர்கூடப் பிறர் இட்ட பெயரே என்ற உணர்வு, வெறும் இனப்பெருமைப் பாடல்களிற் காணக்கிடையாதது. பெருமையும் ஐயமும் ஒருசேர ஒலிப்பதாலேயே அப்பாடல் நிலைக்கின்றது.

இதனையடுத்து வரும் சில பாடல்களைப் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. ‘பேர்ப்பிள் ஹாட்’ இனியதொரு காதற்பாட்டு. நைஜீரியப் பாடகர் பேர்னா போய் பங்குகொண்ட ‘லொக்கேஷன்’ நடனக்கூடங்களுக்கென ஆக்கப்பட்டது. விற்பனையில் அதுவே முன்னின்றது. ‘டிசாஸ்ரர்’ பாடலில் உடன்பாடும் ஜே ஹஸ், தொகுப்பு வெளியான வேளையிற் கத்தி வைத்திருந்த குற்றத்துக்காகச் சிறையில் இருந்தார். பணம், வாகனம், பெண்கள், பகைவர் என்று வழக்கமான பெருமிதங்கள் இப்பாடல்களில் நிறைந்துள்ளன. சிகிச்சை அறையில் இவற்றுக்கென்ன வேலை, வணிகத்துக்காகச் செருகப்பட்டவையன்றோ எனச் சில மாணவ நண்பர்கள் கேட்டனர். வணிக நோக்கு இல்லையென்று நான் வாதிடமாட்டேன். ஆயினும் பெருமிதமும் ஒரு வகை வாக்குமூலமே. துன்பத்தை மட்டும் ஒப்புக்கொண்டு, தன் ஆசைகளை மறைப்பவனின் நேர்மை அரைகுறையானது. ‘ஸ்குறூபேஸ் கப்பிற்றல்’ பாடலில் முகத்தைக் கடுகடுவென வைத்துக்கொள்வது நகரமொன்றின் பொதுச் சீருடையாகச் சித்திரிக்கப்படும்போது, முந்திய பாடல்களின் பெருமிதமும் அதே சீருடையின் பகுதியென உணர்கின்றோம். ‘லொக்கேஷன்’ மாத்திரம் இவ்விளக்கத்துக்குள் அடங்க மறுக்கின்றது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

‘லெஸ்லி’ வேறு. 11 நிமிடம் நீளும் இப்பாடலில் டேவின் ‘நான்’ ஏறக்குறைய மறைந்துவிடுகின்றது. தொடர்வண்டிப் பயணத்திற் காணும் பெண்ணொருத்தி, அவளை வதைக்கும் காதலன், அவளது கருப்பம், கதை நோக்கிச் செல்லும் அவல முடிவு என நிதானமாக விரிகின்றது பாடல். 30 விநாடி கேட்டாலே ஒருமுறை கேட்டதாகக் கணக்கிட்டுப் பணம் வழங்கும் இன்றைய இசைச்சந்தையில், 11 நிமிடக் கதைப்பாடல் என்பது இலாபக் கணக்குக்கு எதிரானது. தன்னைப் பற்றியதெனப் பெயர் பெற்ற ஒரு தொகுப்பின் மிக நீண்ட பாடல் பிறிதொருத்தியைப் பற்றியது என்பது தற்செயலன்று. மொறேனோவின் பாத்திர மாற்றம் முழுமை பெறும் இடம் இதுவே. ஆண்களின் பெருமிதத்தை நான்கு பாடல்களில் நுகர்ந்துவந்த கேட்போர், அப்பெருமிதம் மூடிய கதவின் பின்னால் ஒரு பெண்ணின் உடலில் எவ்வாறு இறங்குகின்றது என்பதை இங்கு காண நேர்கின்றது.

பாடலின் இறுதியில் டேவ் கதையை விட்டு வெளியே வந்து, இத்தகைய நிலையிலுள்ள பெண்களை நேரடியாக விளித்துப் பேசுகிறார். இது கலைக் குறைபாடு என்று கூறுவோருடன் நான் பாதி உடன்படுகின்றேன். நமது முற்போக்குச் சிறுகதைகள் பலவற்றின் இறுதிப் பந்தியில் ஆசிரியர் எழுந்து நின்று பேசத் தொடங்குவதை நாம் எத்தனையோ முறை கண்டித்துள்ளோம். கதை தானே சொல்லியதை மீண்டும் சொல்வதால் வடிவம் தளர்கின்றது. இருந்தும், இப்பாடலைத் தனியறையில் செவிப்பன்னியைக் காதிற் செருகிக் கேட்கும் பெண்ணொருத்தி உண்மையிலேயே இருக்கக்கூடும் என்ற நினைவு ஒரு 20 வயது இளைஞனை வடிவத்தை மீறச் செய்திருக்குமாயின், அதனைப் பிழையென்று மட்டும் தள்ளிவிட என்னால் இயலவில்லை.

இறுதிப் பாடல் ‘ட்றாமா’. இங்குதான் இத்தொகுப்பு யாரை நோக்கிப் பேசிவந்தது என்பது தெரியவருகின்றது. அகப்பாடல்களிற் ‘சிறைப்புறம்’ என்றொரு துறைக்குறிப்பு உண்டு. தலைவியோ தோழியோ ஒருத்திக்குச் சொல்வதுபோற் பேசுவாள். ஆனால் சொல்லப்படுவது வேலிக்கு அப்பால் மறைந்து நிற்கும் தலைவனின் செவிக்கு. முன்னே இருப்பவர் கேட்போர் அல்லர். மறைந்து நிற்பவனே கேட்போன். பத்துப் பாடல்களிற் சிகிச்சையாளரிடம் பேசிவந்த டேவ், உண்மையிற் பேசிவந்தது மதிலுக்கு அப்பால் இருக்கும் அண்ணனிடம். ‘சிறை’ என்ற சொல்லின் இரு பொருளையும் வைத்து நான் விளையாடவில்லை. உத்தி இரண்டு மரபுகளிலும் ஒன்றாகவே தொழிற்படுகின்றது. நேரே சொல்லமுடியாததை இடையில் ஒருவரை இருத்தி வைத்துச் சொல்லவேண்டியுள்ளது. அண்ணனை வழிபட்ட சிறுவன், அவனைப் போலாக விரும்பிய சிறுவன், அவன் இல்லாத வீட்டில் வளர்ந்த சிறுவன் என்ற மூவரும் இப்பாடலில் மாறிமாறிப் பேசுகின்றனர். அன்பும் கோபமும் தனித்தனியே பிரித்தெடுக்க முடியாதவாறு கலந்துள்ளன.

சங்கப்பாடலிற் சிறைப்புறத்து நிற்பவன் அப்பாடலுக்குள் மறுமொழி கூறுவதில்லை. இங்கு அவன் பேசுகிறான். பாடல் முடியும் தறுவாயில் தொலைபேசியிற் பதிவுசெய்யப்பட்ட அண்ணனின் குரல் ஒலிக்கின்றது. தம்பியைப் பற்றிப் பெருமிதத்துடன் அது பேசுகின்றது. இந்தத் தொகுப்பிற் கலைஞனின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள குரல் இது ஒன்றே என்று கூறலாம். சிகிச்சையாளரின் குரல் ஒரு பாத்திரம். லெஸ்லியும் டேவின் வாய்வழியே வருபவள். அண்ணனின் குரலோ எதுகையின்றி, தாளமின்றி, கம்பித்தொடர்பின் கரகரப்புடன் வருகின்றது. இவ்விடத்திற் கண்கலங்காதோர் அரிது என்பர். நானும் விலக்கல்லன்.

ஆயினும் அக்கலக்கம் தணிந்த பின்னர் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே. அண்ணனின் சிறைக்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணம் ஓர் உயிர். கொல்லப்பட்டவனுக்கும் வீடொன்று உண்டு. அங்கும் ஒருவன் இல்லாமலே பிள்ளைகள் வளர்கின்றனர். சிறையிலிருந்து தொலைபேசி வரும், கல்லறையிலிருந்து வருவதில்லை. பாத்திர மாற்றத்தைத் தன் உத்தியாகக் கொண்ட ஒரு படைப்பு, வதைக்கப்பட்ட பெண்ணின் இடத்தில் நின்று பார்த்தது. சிறையிலுள்ளவனின் இடத்தில் நின்று பார்த்தது. இறந்தவனின் இடத்தில் மாத்திரம் நிற்கவில்லை. மேடையில் அந்த நாற்காலி வெறுமையாக உள்ளது.

இதற்கு இருவகையாக விடையளிக்கலாம். முதலாவது விடை, அந்நாற்காலியில் அமரும் உரிமை டேவுக்கு இல்லை என்பது. கொன்றவனின் தம்பி கொல்லப்பட்டவனின் குரலில் எதுகை அமைத்துப் பாடியிருந்தால் அது எத்துணை அருவருப்பாக இருந்திருக்கும்! மௌனமே அங்கு நாகரிகம். இவ்விடையை நான் மதிக்கின்றேன், பெரும்பாலும் ஏற்கின்றேன். இரண்டாவது விடை கடுமையானது: நேர்மை என்று நாம் போற்றுவது பெரும்பாலும் நம் வீட்டுத் துயரைப் பற்றிய நேர்மையே, அது அடுத்த வீட்டு வாசலிற் போய் நின்றுவிடுகின்றது என்பது. போரையும் இழப்பையும் கண்ட நாட்டிலிருந்து இத்தொகுப்பைக் கேட்கும் நமக்கு இவ்விரண்டாவது விடையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நமது கவிதைகளிலும் எவருடைய நாற்காலிகள் வெறுமையாக உள்ளன என்பதை நாம் அறிவோம்.

டேவ் இவ்வெறுமையை அறவே உணராதவர் என்று கொள்வதற்கில்லை. 2020 பெப்ரவரி 18 ஆம் நாள் பிறிட் விருது விழாவில் ‘பிளாக்’ பாடலைப் பியானோவில் அமர்ந்து பாடியபோது, தொகுப்பில் இல்லாத புதிய வரிகளைச் சேர்த்தார். அப்போதைய பிரதமரை இனவாதி என அழைத்தமையால் மறுநாட் செய்தித்தாள்கள் அதனையே பேசின. கிறென்பெல் தீவிபத்தில் வீடிழந்தோரையும், வின்ட்றஷ் தலைமுறையினருக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் அவர் குறிப்பிட்டதும் பேசப்பட்டது. அவ்வரிகளில் பிறிதொருவரும் இடம்பெற்றார். சிறைக்கைதிகளின் கல்விக்காகப் பணியாற்றி, 2019 நவம்பரில் இலண்டன் பாலத்தருகே விடுதலை பெற்ற கைதி ஒருவனாற் கொல்லப்பட்ட இளைஞர் அவர். அவருடைய பெயரைச் சொல்லி, அவரைத் தம் சகோதரர் என்று டேவ் விளித்தார். சகோதரன் என்னும் சொல் ‘ட்றாமா’வில் மதிலுக்கு உள்ளே இருப்பவனுக்கு மாத்திரம் உரியதாயிருந்தது, ஓராண்டின் பின் அதே சொல், கொலையுண்ட ஒருவருக்கும் வழங்கப்பட்டது.